பெருவிரலும் பேரரசும்: அந்நியர் அடையாள அட்டையின் வரலாறு

ஒரு நாட்டிலே உழைத்து, அந்நாட்டுக்கு வரியிறுத்து, அந்நாட்டு மண்ணிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவரும் ஒருவர், குறித்த சில ஆண்டுகளுக்கொருமுறை அரசாங்க அலுவலகமொன்றின் முன் வரிசையில் நின்று, தாம் தாமே என்பதை நிரூபிக்க வேண்டியவராகிறார். ஏனெனில் அவர் அந்நாட்டின் பிரசையல்லர். அங்கு வதியும் அந்நியர். முன்பு அவருக்கு ஒரு புகைப்படமும் கையொப்பமும் போதியனவாயிருந்தன. இன்று அவை போதா. கண்ணாடித் தட்டின்மீது விரல்களை அழுத்த வேண்டும். முகத்தின் அளவுகளைக் கருவியொன்று குறித்துக்கொள்ளும். சில நாடுகளிலே கருவிழியும் பதிவாகும். 'பயோமெட்ரிக்' என்று இன்று வழங்கும் இவ்வுடலடையாளப் பதிவு இல்லாவிடின் வதிவிட அட்டை புதுப்பிக்கப்படுவதில்லை. அட்டை புதுப்பிக்கப்படாவிடின் வேலையும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் கேள்விக்குரியனவாகின்றன.

மோசடியைத் தடுத்தல், நாட்டின் பாதுகாப்பைப் பேணல் என்பனவே இதற்கு அரசுகள் கூறும் காரணங்கள். இக்காரணங்களை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. ஆயினும் வரலாற்றைப் பயில்வோர் ஒரு வினாவை எழுப்பியே தீர வேண்டும். இவ்வழக்கம் எங்கே தொடங்கியது? யாருடைய விரல்கள் முதலில் மையில் தோய்க்கப்பட்டன? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோமாயின், அறிவியலின் வரலாற்றையும் பேரரசுகளின் வரலாற்றையும் ஒருங்கே காண்போம்.

1857ஆம் ஆண்டின் இந்தியப் பெருங்கிளர்ச்சி அடங்கிய மறு வருடம் அது. வங்காளத்து ஜங்கிப்பூரிலே வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கிலேய நிர்வாகி வீதி அமைப்பதற்குரிய பொருள்களை வழங்குமாறு ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். அவ்வொப்பந்தத்தின் பின்புறத்திலே கோனாயின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதிப்பித்தார். ஒப்பந்தக்காரர் பின்னர் வாக்கு மாறக்கூடாது என்னும் அச்சுறுத்தலாகவே இது செய்யப்பட்டது. கோனாயின் சொல்லும் கையொப்பமும் நம்பத்தக்கவையல்ல, ஆனால் அவருடைய கை பொய் சொல்லாது என்னும் எண்ணமே இதன் அடியில் கிடந்தது. பின்னர் ஹூக்ளி மாவட்ட நீதவானாக இருந்தபோது, 1877இல், ஓய்வூதியம் பெறுவோரிடமும் உறுதி எழுதுவோரிடமும் சிறைக்கைதிகளிடமும் விரலடையாளம் பெறும் முறையை ஹேர்ஷல் நடைமுறைப்படுத்தினார். ஆளப்படுவோர் தம்முள் ஒருவரையொருவர் நன்கறிவர். அவர்களை வேறுபடுத்தியறிய இயலாதிருந்தவர்கள் ஆள்வோரே. இவ்வியலாமையின் பரிகாரமாகவே விரலடையாளம் நிர்வாகத்துள் நுழைந்தது.

இதே காலத்திலே டோக்கியோ நகரின் மருத்துவமனையொன்றில் பணியாற்றிய ஸ்கொத்லாந்து மருத்துவர் ஹென்றி ஃபோல்ட்ஸ், பழைய மட்பாண்டங்களில் குயவரின் விரற்கோடுகள் பதிந்திருப்பதைக் கண்டு அவற்றை ஆராயலானார். 1880இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டுக்கு அவர் எழுதிய கடிதத்திலே குற்றவாளிகளைக் கண்டறிய விரற்கோடுகள் உதவும் என்று எடுத்துரைத்தார். 1892இல் பிரான்சிஸ் கால்ற்றன் இத்துறையில் ஒரு நூலை வெளியிட்டார். மனித இனத்தை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பாகுபடுத்தி, உயர்ந்தோரைப் பெருக்க வேண்டும் என்னும் கொள்கைக்குப் பெயரிட்டவரும் இவரே. விரற்கோடுகளிலே இனவேற்றுமையைக் காணலாம் என்று அவர் நம்பித் தேடினார். அங்ஙனம் ஒன்றும் அகப்படவில்லை. இனத்தின் ஏற்றத்தாழ்வை இயற்கை விரல்களில் எழுதவில்லை. அதனைப் பின்னர் சட்டங்களே எழுதின.

இலட்சக்கணக்கான பதிவுகளுள் ஒன்றைத் தேடி எடுப்பதற்கு ஒரு வகைப்பாட்டு முறை இன்றியமையாதது. வங்காளப் பொலீஸ் தலைவராகவிருந்த எட்வேர்ட் ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்பினால் அம்முறை உருவாயிற்று. 1897இல் கல்கத்தாவிலே விரலடையாளக் காரியாலயம் அமைந்தது. 1901இல் இலண்டன் ஸ்கொட்லண்ட் யார்ட் அம்முறையை ஏற்றுக்கொண்டது. இன்றும் அது 'ஹென்றி முறை' என்றே வழங்கப்படுகிறது. கூலி உழைப்பின் பயன் மட்டுமன்றி, மூளை உழைப்பின் பெயரும் குடியேற்ற நாட்டு எசமானர்க்கே உரியதாயிற்று. ஆக, இக்கருவி பேரரசின் தலைநகரிலே பிறந்து குடியேற்ற நாடுகளுக்குச் சென்றதன்று. குடியேற்ற நாட்டிலே பரிசோதிக்கப்பட்டுப் பின்னரே தலைநகரை அடைந்தது. இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது.

கல்கத்தாவிலிருந்து இக்கருவி தென்னாபிரிக்காவுக்கும் சென்றது. 1900ஆம் ஆண்டில் ஹென்றியே அங்கு அனுப்பப்பட்டு, பொலீஸ் சேவையை ஒழுங்குபடுத்தினார். தங்கச் சுரங்கங்களுக்குக் குறைந்த கூலியில் உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1904ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 63,000 சீனத் தொழிலாளர் ஒப்பந்தத்தின் பேரில் அங்கு கொண்டுவரப்பட்டனர். சுரங்கத்தை விட்டு ஓடுபவனைப் பிடித்துக்கொண்டுவரும் பொருட்டு அவர்களின் விரல்கள் பதிவு செய்யப்பட்டன. சுரங்க முதலாளியின் தேவையும் அரசின் பதிவேடும் இங்கு ஒன்றையொன்று தழுவி நின்றன.

1906 ஓகஸ்ட் மாதத்திலே திரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்டவரைவை வெளியிட்டது. அங்கு வதியும் ஆசியர், எட்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும், தம்மிடமிருந்த பழைய சான்றிதழ்களைக் கையளித்து, விரலடையாளங்களைக் கொடுத்துப் புதிய சான்றிதழ் பெறவேண்டும்; எவ்விடத்திலும் பொலீசார் கேட்டபோது அதனைக் காட்டவேண்டும்; தவறினால் தண்டம், சிறை, நாடுகடத்தல் என்பது அதன் சாரம். இன்றைய அறிவித்தல்களோடு ஒப்பிடுமிடத்து இதன் அமைப்பு எவ்வளவு பழகிய ஒன்றாகத் தோன்றுகிறது! பழைய சீட்டுச் செல்லாது; புதியதற்கு உடலைத் தா; தராவிடின் வெளியேறு. அவ்வாண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி ஜொகனஸ்பேர்க்கின் எம்பயர் நாடக அரங்கிலே ஏறக்குறைய 3,000 பேர் கூடி, இச்சட்டத்துக்குப் பணிவதில்லை எனச் சபதம் செய்தனர். அறப்போர் என்று பின்னர் பெயர்பெற்ற போராட்ட முறை இங்கேயே தோன்றியது. சட்டம் 1907இல் நிறைவேறியபோது, ஏறத்தாழ 13,000 ஆசியருள் ஐந்நூறு பேரளவிலேயே பதிவுசெய்துகொண்டனர்.

காந்தியின் பெயரோடு இப்போராட்டத்தை முடித்துவிடுதல் முழுமையான வரலாறாகாது. மொரீசியசிலே பிறந்த தம்பி நாயுடு ஜொகனஸ்பேர்க் தமிழர் சங்கத்தின் தலைவராக நின்று பன்முறை சிறை சென்றார். சீனரைத் திரட்டியவர் லியுங் குவின். வணிகரோடு தெருவோர விற்பனையாளரும் சிறை புகுந்தனர். 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் இணக்கம் ஏற்பட்டது. கட்டாயத்தால் அன்றித் தாமாகவே பதிவு செய்துகொள்வதென்பது அதன் பொருள். பத்து விரல்களையும் கொடுப்பதோ என்று கொதித்த மீர் ஆலம் என்பவர், பதிவு செய்யச் சென்ற காந்தியையே வழியில் அடித்து வீழ்த்தினார். எனினும் சட்டம் நீக்கப்படவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதி ஹமீதியா பள்ளிவாசல் முன்றிலிலே பெரியதோர் இரும்புக் கொப்பரையில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரியூட்டப்பட்டன.

இப்போராட்டத்தின் பெருமையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லாதிருத்தல் தகாது. அந்த மண்ணின் சொந்த மக்களாகிய ஆபிரிக்கர் அதற்கு முன்பிருந்தே அனுமதிச் சீட்டுச் சட்டங்களால் நசுக்கப்பட்டு வந்தனர். ஆசியரின் போராட்டம் அவர்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ளவில்லை. குற்றவாளியைப் போலவும் ஆபிரிக்கனைப் போலவும் எம்மை நடத்துவதா என்னும் மனக்குறை அதனுள் இருந்தது. விளைவு யாது? 1952ஆம் ஆண்டில், அனுமதிச் சீட்டுகளை ஒழிப்பதாகப் பெயர்கொண்ட ஒரு சட்டத்தினாலேயே, விரலடையாளம் கொண்ட குறிப்பேட்டை ஒவ்வோர் ஆபிரிக்கரும் ஏந்தித் திரியவேண்டுமென விதிக்கப்பட்டது. 1956 ஓகஸ்ட் 9ஆந் திகதி 20,000 பெண்கள் அதற்கெதிராகப் பிரிட்டோரியாவுக்குச் சென்றனர். 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லிலே அனுமதிச் சீட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து நின்ற மக்கள்மீது பொலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அச்சட்டங்கள் 1986 வரை நிலைத்திருந்தன. ஒரு பிரிவினர்மீது செலுத்தப்பட்ட கருவி மற்றப் பிரிவினர்மீதும் செலுத்தப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி யப்பானுக்கு வருவோம். அட்டை புதுப்பித்தல் என்னும் சாதாரணக் காரியம் எங்ஙனம் ஒரு மக்கட் போராட்டமாக மாறியது என்பதற்கு யப்பானில் வாழும் கொரியரின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1910இல் யப்பான் கொரியாவைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டது. நிலமிழந்த உழவர் பிழைப்புத் தேடியும், போர்க்காலத்திலே கட்டாயத்தின் பேரிலும் யப்பானியச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தனர். 1945இல் அவர்கள் தொகை ஏறத்தாழ இருபது இலட்சமாயிருந்தது. போர் முடிந்தபின் பெரும்பாலோர் நாடு திரும்பினர். ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் அங்கேயே தங்கினர்.

இவர்கள் சட்டப்படி யப்பானியப் பிரசைகள். உழைப்பையும் போர்ச்சேவையையும் பெற்றபோது அவ்வாறே கொள்ளப்பட்டனர். 1947 மே 2ஆந் திகதி, மக்களுக்கு உரிமைகளை வழங்கும் புதிய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்திய நாள், அந்நியரைப் பதியும் கட்டளையொன்று பிறந்தது. கொரியரும் தைவானியரும் தற்போதைக்கு அந்நியராகக் கருதப்படுவர் என்றது அது. 1952 ஏப்ரில் 28இல் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தவுடன் அவர்கள் பிரசாவுரிமையை அடியோடு இழந்தனர். அதே நாளில் அந்நியர் பதிவுச் சட்டம் வெளிவந்தது. விரலடையாளம் அதிலே கட்டாயமாக்கப்பட்டது. எதிர்ப்பின் காரணமாக 1955 வரை அப்பகுதியை அரசாங்கத்தால் செயற்படுத்த முடியவில்லை. யப்பானியப் பேரரசு இவ்வித்தையை முன்பே பயின்றிருந்தது என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். மஞ்சூரியாவின் ஃபூஷுன் நிலக்கரிச் சுரங்கத்திலே 1920களில் சீனத் தொழிலாளரின் விரல்கள் பதிவு செய்யப்பட்டன. அங்கும் நோக்கம் ஒன்றே: ஓடுபவனை அடையாளங் காணல்.

எல்லை கடந்து வந்தவரே அந்நியர் என்று நாம் எண்ணுகிறோம். இங்கோ மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. நம் நாட்டு வாசகர்க்கு இது புதிய கதையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்திலே தலைமுறை தலைமுறையாய் உழைத்த ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு அரசுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒருவாறு தீர்ந்தது. கொரியத் தொழிலாளியையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரு பேனா முனையே அந்நியராக்கியது. அந்நியன் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறான்.

யப்பானியச் சட்டத்தின்படி பதினான்கு வயது நிரம்பிய ஒவ்வோர் அந்நியரும் நகரசபை அலுவலகத்துக்குச் சென்று இடது சுட்டுவிரலை மையில் உருட்டிப் பதிக்க வேண்டும். நெடுங்காலம் மூன்றாண்டுக்கொருமுறை இதனை மீட்டும் செய்யவேண்டியிருந்தது. அட்டையை எப்பொழுதும் உடன் வைத்திருத்தலும் கட்டாயம். 1982இல் வயது பதினாறாகவும் காலம் ஐந்தாண்டாகவும் மாற்றப்பட்டன. அதுவரை பள்ளித் தோழரோடு வேற்றுமையின்றி விளையாடிய பிள்ளை, தான் வேறு என்பதை அந்த மையினாலேயே அறிந்துகொண்டது. யப்பானியப் பிரசைகளுள் இவ்வாறு விரல் பதித்தோர் குற்றஞ் சாட்டப்பட்டோர் மட்டுமே.

1980 செப்ரெம்பரில் ஹான் ஜோங்-சொக் என்னும் கொரியர் டோக்கியோவின் ஷின்ஜுக்கு வட்டார அலுவலகத்திலே விரல் பதிக்க மறுத்தார். தனியொருவரின் மறுப்பு மெல்ல மெல்லப் பரவியது. 1985ஆம் ஆண்டு பல இலட்சம் பேரின் அட்டைகள் ஒருங்கே புதுப்பிக்கப்படவேண்டிய ஆண்டாயிற்று. அவ்வாண்டில் மறுத்தோரும் பதிவை ஒத்திவைத்தோரும் 10,000க்கு மேற்பட்டனர். கொரியரோடு சீனரும் அமெரிக்கரும் மறுத்தனர். தொழிலாளர் நகரமாகிய கவாசாகியின் நகரபிதா, மறுப்போரைப் பொலீசாருக்கு அறிவிக்கப் போவதில்லை என்றார். நகரசபை ஊழியரின் தொழிற்சங்கமும் அவர்கள் பக்கம் நின்றது. மையைத் தடவும் எழுதுவினைஞன் மறுப்பவனோடு கைகோத்தால் எத்துணைப் பெரிய அரசும் தடுமாறும் என்பது தெளிவாயிற்று.

அரசாங்கம் முதலில் கைதுசெய்தது, வழக்குத் தொடர்ந்தது, மறுத்தோர் வெளிநாடு சென்று திரும்பும் அனுமதியை நிறுத்தியது. இசைபயிலச் சென்ற சோய் சுன்-ஏ என்னும் இளம்பெண் தம் நிரந்தர வதிவுரிமையையே இழந்தார். அதன்பின் சிறு சலுகைகள் வந்தன. 1985இல் கறுப்பு மைக்குப் பதிலாக நிறமற்ற திரவம் வந்தது. அவமதிப்பை நீக்காது அதன் கறையை மட்டும் நீக்கும் ஏற்பாடு அது! 1988இலிருந்து ஒருமுறை பதித்தாற் போதும் என்றாயிற்று. 1993இல் நிரந்தர வதிவாளருக்கும், 2000 ஏப்ரிலில் ஏனைய அனைவருக்கும் விரற்பதிவு ஒழிந்தது. 1995இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அம்முறை யாப்புக்கு முரணல்ல என்று கூறியபோதிலும், காரணமின்றி விரலடையாளம் தருமாறு நிர்ப்பந்திக்கப்படாதிருக்கும் சுதந்திரம் அந்நியருக்கும் உண்டு என ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் முழுமையாக வழங்காததை மக்கள் மறுப்பினாற் பெற்றனர்.

ஆயினும் வெற்றி நிலைத்ததா? 2007 நவம்பர் 20ஆந் திகதியிலிருந்து யப்பானுக்குள் நுழையும் அந்நியரிடம் மீண்டும் விரலடையாளமும் முகப்படமும் பெறப்படுகின்றன. அங்கேயே வதிந்து பயணஞ் சென்று திரும்புவோரும் இதற்கு விலக்கல்லர். பழைய குடியேற்ற நாட்டு மக்களின் வழித்தோன்றல்களான சிறப்பு நிரந்தர வதிவாளருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. போராடியவர்கள் காக்கப்பட்டனர், போராட அமைப்பற்ற புதிய குடியேற்றத் தொழிலாளர் அகப்பட்டனர். 1985இல் நகரசபை மேசையில் நின்ற முறை விமான நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது.

ஐரோப்பாவின் நிலையும் இதனை ஒத்ததே. 2003இலிருந்து புகலிடம் கேட்போரின் விரல்கள் 'யூரோடக்' என்னும் பொதுப் பதிவேட்டிலே சேர்க்கப்படுகின்றன. பதினான்கு வயதென இருந்த எல்லையை ஆறு வயதாகக் குறைக்கும் சட்டம் 2024இல் நிறைவேறியது. 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து வதிவோரின் அட்டைகளிலே இரு விரல்களின் பதிவு கட்டாயமாயிற்று. 2019இலோ ஐரோப்பியப் பிரசைகளின் அடையாள அட்டைகளுக்கே அவ்விதி விரிக்கப்பட்டது. அந்நியனுக்கு இட்டபோது வாளாவிருந்தவர் தம் விரலையும் நீட்டவேண்டியவராயினர்.

பிரித்தானியாவிலே நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கு 2006இல் அனைவர்க்கும் அடையாள அட்டை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திரத்துக்கு அது கேடு என மக்கள் எதிர்த்தனர். 2010இல் புதிய அரசாங்கம் அதனை ஒழித்தது. பிரசைகளின் பதிவேடு அடுத்த ஆண்டில் அழிக்கப்பட்டது. ஆனால் 2008இலிருந்து அந்நியருக்கு வழங்கப்பட்ட உடலடையாள வதிவிட அட்டை ஒழிக்கப்படவில்லை. நம்மவர் பலர் அவ்வட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்களே. 2024 இறுதியுடன் அட்டைகள் பெரும்பாலும் காலாவதியாகி, நிலை முழுவதும் கணினிப் பதிவாக மாற்றப்பட்டது. கையில் காட்டுவதற்கு அட்டையுமில்லை. உரிமை அரசின் ஏட்டிலே மட்டும் இருக்கிறது. பிரசைக்குச் சுதந்திரத்தின் பெயரால் மறுக்கப்பட்ட ஒன்று அந்நியனுக்குப் பாதுகாப்பின் பெயரால் தக்கதாயிற்று எனின், அச்சுதந்திரம் மனிதனுக்குரியதா அன்றிக் கடவுச்சீட்டுக்குரியதா?

நிற்க. விரலடையாளம் தன்னளவில் தீயதொன்றா என்று சிலர் வினவலாம். அன்று. நிரபராதியை விடுவிக்கவும் அது பயன்பட்டுள்ளது. எல்லாப் பத்திரங்களையும் போரிலே பறிகொடுத்த அகதிக்கு அவன் உடலே ஒரே ஆதாரமாதலும் கூடும். மாற்றார் ஒருவர் நம் பெயரிலே உரிமை பெறுவதைத் தடுக்கவும் அது வல்லது. அறிவியலை வெறுத்தல் முற்போக்காகாது. ஆனால் கையொப்பத்துக்கும் விரற்பதிவுக்கும் அடிப்படையான ஒரு வேற்றுமை உண்டு. கையொப்பம் மனிதன் தரும் வாக்கு. அதனை அவன் இடலாம், இடாது விடலாம். விரற்பதிவோ உடலிலிருந்து எடுக்கப்படுவது. அட்டை தொலைந்தால் வேறொன்று பெறலாம். பதிவேட்டிலிருந்து களவுபோன விரலுக்கு மாற்று விரல் இல்லை.

இன்னுமொன்று. இக்கருவி வர்க்க பேதமற்றது என்று எண்ணுதல் தவறு. காகிதத்திலே எழுதிப் பிழைப்போரின் விரற்கோடுகள் தெளிவாயிருக்கும். சீமெந்தைக் குழைப்போர், பாத்திரந் தேய்ப்போர், வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர் ஆகியோரின் விரற்கோடுகள் தேய்ந்துபோகின்றன, முதியோர்க்கும் அவ்வாறே. கருவி அவர்களை 'இனங்காண இயலாதவர்' என்கிறது. தன் உழைப்பினால் ஒரு நகரைக் கட்டியெழுப்பியவன், அவ்வுழைப்பினாலேயே தன் அடையாளத்தை இழந்து அந்நகரின் அலுவலக வாயிலில் நிற்கிறான். இதற்கு மாற்று வழியை முன்கூட்டி வகுக்காத எந்த ஒழுங்குவிதியும் நீதியானதென்று கொள்ளத்தக்கதன்று.

எனவே அட்டை வேண்டுமா வேண்டாமா என்பதே முழு வினாவன்று. எல்லோர்க்கும் ஒரே விதியா? பதிவு எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, யாருடைய கையில்? குற்றமற்றவரின் பதிவு குற்றவாளிகளின் பதிவோடு சேர்த்துத் தேடப்படுமா? மறுப்பவர்க்கு அன்றேல் இயலாதவர்க்கு வழி யாது? வதியும் அந்நியர் தம்மைப் பாதிக்கும் சட்டத்திலே தம் கருத்தைச் சொல்ல இடமுண்டா? இவையே நாம் கேட்கவேண்டிய வினாக்கள். ஜங்கிப்பூரிலே கோனாயிடம் இவற்றை ஒருவரும் கேட்கவில்லை. ஜொகனஸ்பேர்க்கிலும் கவாசாகியிலும் மக்கள் தாமே கேட்டனர். ஓரளவுக்கேனும் விடையும் பெற்றனர்.

வகுப்பறையிலே வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் அதனைக் கற்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பேரரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் படிக்கும்போது, ஒரு பதிவேடும் மைத்தட்டும் எத்தனை மக்களின் வாழ்வை நிர்ணயித்தன என்பதையும் படித்தல் வேண்டும். அந்நியனின் உரிமை அவனுடைய தனிப்பட்ட அலுவலன்று. இன்று அவன்மீது சோதிக்கப்படும் விதி நாளைப் பிரசையின் வாயிலுக்கும் வரும். மேலும், இன்றைய பிரசை நாளை எந்நாட்டிலே அந்நியனாக நிற்பான் என்பதை யார் அறிவார்? தம் பிள்ளைகளை உலகின் நாற்றிசைக்கும் அனுப்பிவைத்திருக்கும் ஒரு சமூகம் இவ்வினாவைப் பிறர் பிரச்சினை என்று ஒதுக்கிவைக்க இயலாது.